உங்களுக்குத் தெரியுமா? காஹாங்கில் இலை பழுக்கும் நாள்கள்

அக்டோபர் பிறந்தால் இலை பார்க்க ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் டிக்கெட் எடுக்கிறோம். ஜோகூரின் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில், காஹாங் பக்கம் மிச்சமிருக்கும் பால்மரத் (ரப்பர்) துண்டுகள் தைப்பூசத்தை ஒட்டி மஞ்சளாகி, செம்பாகி, ஒருநாள் மொட்டையாக நிற்பதைப் பார்க்கக் காரின் வேகத்தைக் குறைப்பவர்கள் குறைவு. அந்தச் சில வார நிறத்தை வெயிலும் மழையும் எப்படி ஆட்டிவைக்கின்றன? இதோ, துணுக்குகள்.

அமேசான் பழக்கம்
பால்மரம் இந்த மண்ணின் பிள்ளை கிடையாது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் வழித்தோன்றல். 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மரம் வந்தபோது அதன் ஊர்ப் பழக்கமும் கூடவே வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, வறண்ட நாள் தலைகாட்டியதும், இலையை மொத்தமாகக் கொட்டிவிடும். தீபகற்ப மலேசியாவில் இது பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் நடக்கும். வெள்ளைக்காரத் துரைமார் இதற்கு வைத்த பெயர் 'விண்டரிங்'. குளிரே தெரியாத ஊரில் ஒரு குளிர்காலம்!

ஆறு பருவத்தில் இது எது?
கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனத் தமிழர் பிரித்த ஆறு பருவங்களில் 'இலையுதிர்காலம்' என்று ஒன்று இல்லை. அந்தச் சொல் பள்ளிப் பாடப்புத்தகம் வழியாகப் பழகியது. காஹாங்கில் இலை கொட்டும் நாள்களைப் பழைய கணக்கில் வைத்துப் பார்த்தால், மாசியும் பங்குனியும் சேர்ந்த பின்பனியோடு பெரிதும் ஒத்துப்போகும்.

இலையும் பழுக்கும்
இலை நிறம் மாறுவதைத் தமிழ் 'பழுக்கிறது' என்கிறது, மாம்பழத்துக்குச் சொல்வது போலவே. 'பழுப்பு' என்ற நிறப் பெயரே அந்த வேரில் பிறந்ததுதான். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் ஆயுளுக்குள் ஐந்து பெயர்கள் உண்டு.

மஞ்சள் பழைய குடி, சிவப்பு புதுக் குடி
பழுத்த இலையின் மஞ்சள் அன்று புதிதாக வந்ததில்லை. கரோட்டினாய்டு என்னும் நிறமி இலை பிறந்த நாள் முதல் உள்ளேயே இருக்கும். பச்சையம் அதை மறைத்திருக்கும். கொட்டுவதற்கு முன் மரம் பச்சையத்தைச் சிதைத்து நைட்ரஜன் போன்ற சத்துகளைக் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும்போது மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு வேறு கதை. ஆந்தோசயனின் என்னும் அந்த நிறமியை, இலை தன் கடைசி நாள்களில், மிச்சமிருக்கும் சர்க்கரையைக் கொண்டு புதிதாகத் தயாரிக்கிறது.

வெயில் போடும் கோலம்
ஆந்தோசயனின் உருவாக வெளிச்சம் வேண்டும். அதனால்தான் ஒரே மரத்தில் உச்சி இலை சிவந்திருக்க, அடிக்கிளை இலை மஞ்சளோடு நின்றுவிடுகிறது. சிவக்கும் இலை மேல் இன்னோர் இலை படுத்திருந்தால், மூடிய இடம் மட்டும் சிவக்காமல் அதன் வடிவம் அச்சாகப் பதிந்துவிடுவதும் உண்டு. கீழே கிடக்கும் சிவந்த இலைகளைப் புரட்டிப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் அப்படி ஒன்று கிடைக்கும்.

அங்கே குளிர், இங்கே வறட்சி
ஜப்பானில் அன்றாடக் குறைந்தபட்ச வெப்பநிலை 8 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இலை சிவக்கத் தொடங்கும் என்பது பொதுக் கணக்கு. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர். இரண்டும் கூடினால் நிறம் பளிச்சிடும். காஹாங்கில் விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே மரத்துக்குத் தாக்கீது அனுப்புவது குளிரில்லை, மழை நின்றுபோவதுதான்.

ஒரே மூச்சில் கொட்டினால் அழகு
வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும் என்றாலும், ஜோகூர் கிழக்குப் பகுதியில் அதன் முழு மூர்க்கம் டிசம்பர், ஜனவரியில்தான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் குளுவாங் வட்டாரம் வெள்ளத்தில் மூழ்கியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மழை ஜனவரியோடு ஓய்ந்து வறண்ட நாள்கள் தொடர்ந்தால் காடு முழுவதும் ஒன்றாகப் பழுக்கும். மழை பிப்ரவரிக்குள்ளும் நீண்டால் ஒரு கிளை பச்சை, ஒரு கிளை மஞ்சள், ஒரு கிளை மொட்டை என்று இழுத்துக்கொண்டே போகும்.

துண்டுக்கு ஒரு நிறம்
ஒரு துண்டு மரம் முழுக்க மஞ்சள், பக்கத்துத் துண்டு இன்னும் பச்சை. ஏன்? தோட்டங்களில் பெரும்பாலும் ஒட்டுக்கட்டிய மரங்கள். ஒரு துண்டில் உள்ள எல்லா மரங்களும் ஒரே தாய்மரத்தின் மொட்டிலிருந்து வந்த நகல்கள். ஆகையால் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பழுக்கும். 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்கள் இப்படிப் பரவியவை. விதைபோட்டு வளர்த்த பழைய காடுகளில் மரத்துக்கு மரம் நாள் மாறும், நிறமும் மாறும்.

உச்சிவெயிலில் போகாதீர்கள்
தலைக்கு மேல் சூரியன் இருக்கும்போது இலையின் மெழுகுப் பரப்பு வெள்ளையாக மினுங்கும், நிறம் வெளுத்துப்போகும். சரி, காஹாங்கில் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு? 12க்கு என்று நினைத்தால் ஏமாந்தோம். பிப்ரவரி நடுவில் அது பகல் 1.20 அளவில் வருகிறது. தீபகற்பத்தின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. பதினோரு மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் வீட்டில் இருங்கள்.

நிழலைத் தேடும் நாள்
காஹாங், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. சூரியன் ஆண்டில் இரண்டு தடவை அதன் நேர் உச்சிக்கு வரும். முதல் தடவை மார்ச் 26 வாக்கில். அன்று பகல் 1.10 அளவில் செங்குத்தாக நட்ட கம்பியின் நிழல் கம்பிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். இலை பார்க்க அதைவிட மோசமான நிமிடம் ஆண்டில் கிடையாது.

பொன்வெயில் கொஞ்ச நேரம்தான்
சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் நடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சும். பழுத்த இலைக்கு இதைவிடப் பொருத்தமான வெளிச்சம் இல்லை. ஆனால் நம் ஊரில் சூரியன் செங்குத்தாக ஏறும். அடிவானிலிருந்து 6 டிகிரி உயர இங்கே 25 நிமிடம் போதும். அக்டோபர் லண்டனில் ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். பிப்ரவரியில் காஹாங்கில் 7.20 அளவில் விடிகிறது. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்றால் பொன்வெயில் காத்திருக்காது.

எதிர்வெயில் நல்லது
சாலையில் எதிர்வெயில் கண்ணைக் கூசவைக்கும். இலைக்கோ அதுதான் விளக்கு. குளுவாங்கிலிருந்து காஹாங் போகும் சாலை பொதுவாகக் கிழக்கு நோக்கியது. காலையில் அந்தத் திசையில் போனால் சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவில் இலை வரும். ஒளி அதன் வழியாக ஊடுருவி, அதை மெல்லிய கண்ணாடித் தாள் போல எரியவைக்கும். அதே மரத்தை வெயில் முதுகில் விழ நின்று பார்த்தால் வெறும் மஞ்சள் பூச்சு. ஓட்டுநர் சாலையைப் பார்க்கட்டும். இலையைப் பக்கத்து இருக்கை பார்க்கட்டும்.

மேகம் மூடினால் முகம் சுளிக்காதீர்கள்
மெல்லிய மேகமூட்டம் வானத்தையே ஒரு பெரிய விளக்குக் கூண்டாக்கிவிடும். ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக விழுவதால் இலைப் பளபளப்பு அடங்கும். கறுப்பு நிழல் தளரும். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடையிலுள்ள நுண்ணிய படிகள் அப்போதுதான் பிடிபடும். காட்டுக்குள் நின்று பார்ப்பவருக்கு மேகநாள். தூரத்திலிருந்து மேட்டைப் பார்ப்பவருக்கு வெயில்நாள்.

நீலம் இருந்தால் மஞ்சள் கூடும்
கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் எதிரெதிர் நிறங்கள். பருவமழை கழுவிவிட்ட தெளிந்த வானத்தின் முன்னால் நிற்கும் மஞ்சள் மரம், வெளுத்த வானத்தின் முன்னால் நிற்பதைவிட அடர்ந்து தெரிவது அதனால்தான்.

நனைந்த சருகு ஏன் கறுக்கிறது?
காய்ந்த சருகின் மேற்பரப்பு சொரசொரப்பு. ஒளி அதில் பட்டுத் தாறுமாறாகச் சிதறுவதால் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். மழைநீர் அந்தப் பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் குறைந்து, ஒளி உள்ளே போய் நிறத்தோடு திரும்பும். மழை விட்ட அரை மணி நேரத்தில் பால்மரக்காட்டுத் தரை செம்புத் தகடு விரித்ததுபோல் மாறும் மாயம் இதுதான். நீர்ப்படலத்தின் மினுமினுப்பு தொந்தரவு செய்தால் போலராய்டு கறுப்புக் கண்ணாடி போடுங்கள். இலைமேல் மிதக்கும் வெள்ளை விலகும்.

போன் செய்யும் துரோகம்
கைப்பேசிக் கேமரா தானாகவே வெள்ளைச் சமநிலை பார்க்கும். படம் முழுக்க ஆரஞ்சாக இருந்தால் 'விளக்கு மஞ்சளாக எரிகிறது போலும்' என்று எண்ணி நீலத்தைக் கலந்துவிடும். நேரில் கண்ட தங்கம் படத்தில் தகரமாவது இப்படித்தான். அமைப்பில் 'வெயில்' அல்லது 'மேகம்' என்ற குறியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நிரையில் இறங்கும் ஒளிக்கோல்கள்
நிரை பிடித்து நட்ட மரங்களுக்கு நடுவில் விடியற்காலைப் பனிமூட்டம் நிற்கும்போது, வெயில் கோல்கோலாக இறங்குவதைக் காணலாம். ஒளிக்கு உருவம் கிடைப்பது நீர்த்துளியிலோ புகையிலோ பட்டுச் சிதறும்போதுதான். மரம் சீவுகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்ட கொசுவர்த்தியின் புகைகூட இந்த வேலையைச் செய்திருக்கிறது, அவர்களுக்குத் தெரியாமலே.

படக்காரருக்குப் பனி, கொழுந்துக்குப் பிணி
புதுக்கொழுந்து விடும் நேரத்தில் ஈரமும் பனிமூட்டமும் தொடர்ந்தால் 'ஒய்டியம்' என்னும் சாம்பல் பூஞ்சை இளம் இலைகளைப் பிடிக்கும். மாவு தூவியதுபோல் வெளுத்து, சுருங்கி, அவையும் உதிர்ந்துவிடும். தோட்டங்கள் கந்தகத் தூளைக் காற்றில் ஊதி அதை எதிர்த்தன. நமக்கு அழகான காலை, மரத்துக்கு ஆபத்தான காலை.

எல்லா உதிர்வும் பருவ உதிர்வு இல்லை
2017 முதல் மலேசியப் பால்மரங்களைப் பெஸ்டலோட்டியோப்சிஸ் என்னும் இலையுதிர் நோய் தாக்கிவருகிறது. மழை ஈரத்தில் பரவும் இது, இலையில் வட்டப் புள்ளிகளைப் போட்டு, பருவமல்லாத பருவத்தில் உதிரவைக்கிறது. பருவப் பழுப்பு இலை முழுவதும் ஒரே சீராகப் பரவும். புள்ளி புள்ளியாக மஞ்சள் கண்டால் அது கொண்டாட்டத்துக்கு உரிய நிறமில்லை.

காலடியில் நூறு சூரியன்
இலை அடர்ந்த நாள்களில் மரத்தடியில் விழும் வெளிச்சப் பொட்டுகள் வட்டமாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இலை இடுக்கு எந்த வடிவமாக இருந்தாலும் பொட்டு வட்டம்தான். ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். 20 மீட்டர் உயரத்து இடுக்கு ஒன்று, தரையில் 18 சென்டிமீட்டர் அளவுள்ள சூரியனை வரையும். 2019 டிசம்பர் 26 அன்று, திண்டுக்கல்லிலும் சிங்கப்பூரிலும் கங்கண சூரியகிரகணம் வளையமாகத் தெரிந்தபோது, மரத்தடிப் பொட்டுகளும் பிறையாகி வளையமாகின. இலை கொட்டிய மாதத்தில் இந்தச் சூரியன்கள் காணாமல்போய்க் கிளை நிழல்கள் வந்து நிற்கும்.

புகைமூட்டம் வந்தால்?
2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாள்களில் சூரியன் குங்குமப் பொட்டாகத் தெரியும். ஆனால் பெரிய புகைத்துகள்கள் எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடிப்பதால் தூரத்து மரம் வெண்சாம்பலில் கரைந்துபோகும். நல்லவேளை, புகைமூட்டக் காலமும் இலை பழுக்கும் காலமும் பெரும்பாலும் சந்தித்துக்கொள்வதில்லை.

இரண்டாவது நிறக்காலம்
மொட்டை மரத்தைப் பார்த்ததும் 'முடிந்தது' என்று திரும்பிவிடாதீர்கள். சில வாரங்களில் புதுக்கொழுந்து வரும், செம்பு நிறத்தில், துவண்டு தொங்கிக்கொண்டு. மாமரத்தில் நாம் காண்பதும் இதுவே. மாந்தளிர் என்று பட்டுப்புடவை நிறத்துக்குப் பெயர் சூட்டிய கூட்டம் நாம். சிவப்பைச் சருகில் தேடாமல் தளிரில் கண்டவர்கள். வெயில் சுடாமல் இளம் இலையைக் காக்க அந்தச் சிவப்பு உதவலாம் என்பது அறிவியலார் சொல்லும் விளக்கங்களில் ஒன்று.

வெயிலைப் பார்த்துப் பூக்கும்
இலைக்குப் பின் பூ. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் பகல் நீளம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றே. பிறகு பால்மரங்கள் நாள் குறித்தாற்போல் ஒன்றாகப் பூப்பது எப்படி? சூரியன் நேர் உச்சிக்கு நெருங்கும் காலத்தில் ஒளியின் வலு கூடுவதே காரணம் என்று மலேசிய ஆய்வாளர் யாங் 2007இல் எழுதினார். பிறகு சில மாதம் கழித்து, காய்ந்த வெயிலில் காய்கள் பட்பட்டென்று வெடிக்கும். அந்தக் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துப் பக்கத்துப் பையன் கையில் சூடு வைக்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா?

கடற்கரையில் ஒரு சிவப்பு
காஹாங்கைத் தாண்டி மெர்சிங் கடற்கரைக்குப் போகிறீர்களா? கெத்தாப்பாங் மரத்தைப் பாருங்கள், நம்முடைய நாட்டுவாதுமைதான். உதிரும் முன் அதன் அகன்ற இலை குங்குமச் சிவப்பாகும். மலேசியாவில் குறை சொல்ல முடியாத சிவப்பு வேண்டுவோருக்கு அதுவே கதி. கடற்காற்று பலமாக வீசினால் நிறம் முழுதாக ஏறுமுன்பே இலை தரைக்கு வந்துவிடும்.

செம்பனைக்கு இலையுதிர்காலம் இல்லை
1917இல் சிலாங்கூரில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது. அதன் பெயரைக் கேளுங்கள்: தென்னமரம் எஸ்டேட்! இன்று காஹாங்கைச் சுற்றிலும் செம்பனையே கண்ணுக்கு எட்டுகிறது. பால்மரம் பின்வாங்கப் பின்வாங்க, 1990 வாக்கில் உலக ரப்பர் உற்பத்தியில் முதலிடத்தை மலேசியா தாய்லாந்திடம் விட்டுக்கொடுத்தது. செம்பனை ஒருபோதும் மொத்தமாகப் பழுக்காது. பழைய மட்டையை ஒவ்வொன்றாக வெட்டிப் போடுவதோடு சரி. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்ற பழமொழி அங்கே அன்றாடம் நடப்பது. பிப்ரவரியும் ஆகஸ்டும் அங்கே ஒரே பச்சை.

இருட்டில் சிவப்பு கறுக்கும்
அந்தி சாயும்போது முதலில் அணைந்துபோகும் நிறம் சிவப்பு. மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழிச்செல்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. பச்சையும் நீலமும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்த செக் அறிஞரின் பெயரால் இதைப் பூர்கின்யே விளைவு என்கிறார்கள். விடியலுக்கு முன்பும் இதே கதைதான். பச்சை முந்தி எழும்; சிவப்பு பிந்தி எழும்.

அந்த இருட்டில் நின்றவர்கள்
மரத்துக்குள் பால் அழுத்தம் கூடுதலாக இருப்பது விடியலுக்கு முன். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, நெற்றியில் விளக்கோடு நிரைக்குள் இறங்கியவர்களின் கண் உளிமுனையை விட்டு மேலே போனதில்லை. இலை கொட்டிப் புதுக்கொழுந்து முற்றும்வரை பால் குறையும். சில துண்டுகளில் பால்வெட்டையே நிறுத்திவைப்பார்கள். பால் எடைக்குக் கூலி வாங்கியவருக்கு மஞ்சள் இலை என்றால் மளிகைக் கடைக் கணக்கு ஏறப்போகிறது என்று பொருள். வெயில் ஏறி, காடு பொன்னாக எரியும் எட்டு மணிக்கு, அவர் குனிந்து, பால் பிடிக்கும் மங்கில் விழுந்த இலையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போயிருப்பார்.

போவதானால்
ஒரு வாரம் மழை பெய்யாத பிப்ரவரி நாள். காலை ஏழே காலுக்குக் காஹாங் பக்கத்துப் பால்மரத் துண்டு ஒன்றின் ஓரம்; முகம் கிழக்கே. சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். முதலில் மேலே பாருங்கள். பிறகு குனிந்து, மரத்தில் கட்டியிருக்கும் மங்கைப் பாருங்கள். இலை விழுந்து கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.